மலைப்பாதையில் எரிசாராயம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் பாதையில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கென்று ஒரு குணம் உண்டு. அடிவாரத்தில் துள்ளி ஓடும். வடகவுஞ்சியைத் தாண்டினால் மூச்சு வாங்கும். பெருமாள்மலையில் கரும்புகை கக்கும். என் தந்தையாரின் வண்டியும் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓடிற்று. பழனியில் மளிகைச் சாமான் ஏற்றிப்போய் மேலே கடைகளுக்குக் கொடுத்து, மலைப்பூண்டு வாங்கி வருவது அவர் தொழில். அண்மைக் காலமாக அந்தக் குணம் தலைகீழாகிவிட்டது. சவரிக்காடு வரை வண்டி திணறுகிறது. மேலே போகப் போக ஒழுங்காக ஓடுகிறது!

மெக்கானிக் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "பெட்ரோல்ல சாராயம் கலக்கிறாங்க. கார்புரேட்டர் வண்டிக்கு இனி ஆயுசு இல்லை, வித்துப்போடுங்க." அப்பா என்னைப் பார்த்தார். "படிக்கிற பிள்ளை நீ சொல்லு தம்பி, வித்துடலாமா?" எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஆகவே இத்தகைய வழக்குகளுக்கெல்லாம் மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்தான்.

விற்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. காரணத்தைச் சொல்கிறேன்.

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். அதன் மூலக்கூற்றிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. நூற்றுக்கு இருபது எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இக்கணக்கு ஏறக்குறைய 13.5 ஆகிறது. அதாவது, அதே காற்றுக்கு 8 விழுக்காடு கூடுதல் எரிபொருள் ஊட்ட வேண்டும். கார்புரேட்டருக்கோ அறிவு கிடையாது. அதன் ஜெட்டில் உள்ள துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். ஆகவே பழனியில் எஞ்சின் பசியோடு ஓடுகிறது. பாரம் ஏற்றிய வண்டி முதல் வளைவுகளிலேயே திணறுகிறது.

மேலே நடப்பது வேறு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில், காற்றின் அடர்த்தி பழனியைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரில் காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதம் காற்றடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. கணக்கிட்டால் கலவை 9 விழுக்காடு அளவு கெட்டியாகிறது. முன்பு பெருமாள்மலையில் புகை கக்கியது இதனால்தான். இன்று எத்தனால் 8 விழுக்காடு குறைக்கிறது, மலை 9 விழுக்காடு கூட்டுகிறது. இரண்டும் கிட்டத்தட்டக் கழிந்துவிடுகின்றன. (காற்றே குறைவாதலால் எஞ்சினின் விசை குறைவது என்னவோ குறைவதுதான், அதை எந்த ஜெட்டாலும் மீட்க முடியாது.)

விடுதி நண்பர் ஒருவருக்குப் பந்தய வண்டிப் பைத்தியம். சூப்பர்சார்ஜர் பொருத்திய எஞ்சினை எத்தனாலில் ஓட்ட எந்தக் கார்புரேட்டர் சிறந்தது என்று நள்ளிரவிலும் வாதிடுவார். சூப்பர்சார்ஜர் காற்றை அமுக்கி ஊட்டும் கருவி. எத்தனால் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும். எளிதில் 'நாக்' அடிக்காது. ஆதலால் இரண்டும் நல்ல ஜோடிதான். ஆனால் முழு எத்தனாலுக்கு எரிபொருள் 60 விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாக வேண்டும். ஜெட், ஊசி வால்வு, பெட்ரோல் குழாய் எல்லாமே பெரிதாக வேண்டும். நான் அவரிடம் சொன்னேன்: "நம் மலை தலைகீழான சூப்பர்சார்ஜர் ஐயா! அது காற்றைப் பிடுங்குகிறது. முதலில் அதற்கு ஜெட் தேர்ந்தெடுப்போம்." அவருக்குச் சற்று வருத்தந்தான்.

கார்புரேட்டருக்கும் எத்தனாலுக்கும் ஆகாது என்பதும் உண்மையன்று. பிரேசில் நாட்டில் 1975-இல் எத்தனால் திட்டம் தொடங்கிற்று. 1979-இல் முழு எத்தனாலில் ஓடும் ஃபியட் 147 கார் விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தது கார்புரேட்டர்தான். அரிப்பைத் தாங்க நிக்கல் பூசினார்கள். குளிர்ந்த காலையில் கிளப்புவதற்குச் சிறு பெட்ரோல் தொட்டியைத் தனியே வைத்தார்கள். வண்டியை எரிபொருளுக்குத் தக்கபடி மாற்றிக் கொடுத்தார்கள். நம் நாட்டில் 2023 பிப்ரவரியில் வந்த 20 விழுக்காட்டுக் கலவை, இரண்டே ஆண்டுகளில் நாடெங்கும் பரவிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வரும்வரை விற்ற இருசக்கர வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை கார்புரேட்டர் வண்டிகள். அவற்றை வைத்திருப்போருக்கு எந்த ஜெட், எந்த ரப்பர் என்று சொன்னவர் யார்?

இங்கேதான் என் குறை. கரும்பு விவசாயிக்கு விலை கிடைப்பதையும், எண்ணெய் இறக்குமதி குறைவதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே இரு செய்திகளைச் சொல்கிறது. ஒன்று, பழைய இருசக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 விழுக்காடு குறையலாம் என்பது. மற்றொன்று, பழைய வண்டிகளுக்காக 10 விழுக்காட்டுக் கலவையும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது. முதலாவது நம் பையில் தெரிகிறது; இரண்டாவது பங்க்கில் தெரியவில்லை. எத்தனால் கலவாத பெட்ரோலும் வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கை 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நான் அதைக் கேட்கவில்லை. அரசின் அறிக்கை சொன்னதைத்தான் கேட்கிறேன்.

மலைவாசிகளுக்கு இன்னுமோர் இடர் உண்டு. எத்தனால் நீரை ஈர்க்கும். கொடைக்கானல் மழையில் பல நாள் ஓடாமல் நிற்கும் வண்டியின் டாங்கில் நீர் சேர்ந்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து நீரோடு அடியில் தங்கிவிடும். குழாய் எடுப்பதும் அந்த அடியிலிருந்துதான். ஐப்பசியில் எங்கள் வண்டி ஒரு நாள் கிளம்பவே இல்லை. ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்து கண்ணாடிக் குவளையில் ஊற்றியபோது இரண்டு அடுக்குகள் தெரிந்தன. வேதியியல் ஆய்வகத்தில் கண்டதை அன்று தெருவில் கண்டேன்.

கடைசியில் ஜெட் விஷயத்துக்கு வருவோம். எங்கள் வண்டியில் இருந்தது 90 எண். அதாவது துளையின் விட்டம் 0.90 மில்லிமீட்டர். சமவெளிக்கு 8 விழுக்காடு கூட்ட வேண்டும், கொடைக்கானலுக்குக் கூட்டவே வேண்டாம். இடையில் நின்று, ஆனால் பழனிப் பக்கம் சாய்ந்து, 92.5 எடுத்தோம்; துளையின் பரப்பு ஐந்தரை விழுக்காடு கூடிற்று. மேலே சற்றுப் புகைந்தால் பெட்ரோல்தான் வீண். கீழே பாரத்தோடு பசித்து ஓடினால் எஞ்சின் சுடும். ரப்பர் வாஷர்களையும் பெட்ரோல் குழாயையும் மாற்றினோம். எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்.

மெக்கானிக் அந்த எண்ணைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்துக்கொண்டார். சவரிக்காட்டில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். முன்பிருந்த வெளுப்பு போய் மண்ணிறம் தட்டியிருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அரை மூட்டை கூடுதலாக ஏற்றினார்.