ஒரு தீபாவளிப் பாட்டு, இரண்டு குரல்கள்



தீபாவளிக்கு முந்திய வாரம் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எமது பெண்கள் குழுக் கூட்டம் நடந்தது. காலையிலிருந்தே மழை. பால்வெட்டு இல்லாததால் வழமையைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். பிள்ளைக் காம்பராவில் பாய் விரித்து உட்கார்ந்து சேமிப்புக் கணக்கைப் பார்த்து முடித்தோம். பிளேன்டீ வரும் வரை சும்மா இருப்பானேன் என்று ஒரு தங்கச்சி தன் தொலைபேசியில் தீபாவளிப் பாட்டுத் தேடிப் போட்டாள். பி. சுசீலாவின் குரல் வந்தது. 'கல்யாண பரிசு' படத்துப் பாட்டு. வயதானவர்கள் இரண்டு பேர் உடனே தாளம் போடத் தொடங்கினார்கள்.

மூலையில் இருந்த அக்கா ஒருவர், "அத நிப்பாட்டு தங்கச்சி. இதே பாட்ட ஆம்பள பாடுனது இருக்கும், அதப் போடு" என்றார்.

"நல்ல நாளு பெருநாள்ல அழுகைப் பாட்டு எதுக்கு?" என்று அவருடைய அண்ணி சத்தம் போட்டார். தங்கச்சி இருவரையும் பார்த்துவிட்டு, எதற்கு வம்பென்று தொலைபேசியையே அணைத்துவிட்டாள்.

அந்த அக்காவின் கதை உங்களில் பலருக்குப் புதிதாக இராது. அவருடைய தகப்பன் காவத்தைப் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1981 ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளில் நடந்த வன்செயலில் லயன் காம்பரா எரிந்த பிறகு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போய்விட்டார். அக்கா அங்கேதான் வளர்ந்தார், கிளிநொச்சியில் கல்யாணம் முடித்தார். 2009 மே மாதத்தில் கணவரைத் தவறவிட்டார். இரண்டு பிள்ளைகளோடு இப்போது அண்ணனின் லயத்தில் இருக்கிறார். கணவர் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல எவருமில்லை.

எங்கள் வீட்டில் இந்தப் பாட்டின் இரண்டு பதிவுகளும் உண்டு. அப்பா கடையில் கொடுத்துப் பதிந்தெடுத்த கசெட் அது. ஆகவே கூட்டம் முடிந்த பிறகும் இதே யோசனையாக இருந்தது.

'கல்யாண பரிசு' 1959 ஏப்ரலில் வெளிவந்தது. ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய படம். பாட்டெழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். இசை ஏ.எம். ராஜா. படத்தை எடுத்தவர், எழுதியவர், இசையமைத்தவர், பாடிய சுசீலா, இவர்களில் எவருக்கும் படம் வந்த நாளில் 30 வயது நிரம்பவில்லை. அந்த வயதில் இவ்வளவு கனமான ஒன்றைச் செய்திருக்கிறார்களே என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். வசந்தியும் பாஸ்கரும் காதலிக்கிறார்கள். வசந்தியின் அக்கா கீதாவும் அதே பாஸ்கரை மனதில் வைத்திருக்கிறாள் என்று தெரிந்ததும், வசந்தி விட்டுக்கொடுத்து அக்காவுக்கே கட்டிவைக்கிறாள். காதல் நடக்கும் காலத்துத் தீபாவளியில் வசந்தி பாடுவது சுசீலாவின் பாட்டு. எல்லாம் கைவிட்டுப் போன பிறகு பாஸ்கர் பாடுவது ஏ.எம். ராஜாவின் பாட்டு. இரண்டுக்கும் மெட்டு ஒன்றே.

இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். முதற்பாட்டின் தொடக்கத்தில் 'ஆட' என்றொரு சொல் வரும். சோகப் பாட்டில் அந்த இடத்தில் 'வாட' என்று வருகிறது. முன்னால் ஒரு 'வ்' ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஆடுவதற்கும் வாடுவதற்கும் இடையில் ஓர் எழுத்தைத்தான் கவிஞர் வைத்தார். ராஜா ஓட்டத்தைக் குறைத்துவிட்டார். சுசீலாவின் குரல் மேலே மேலே துள்ளிப்போகும் இடங்களில் ராஜாவின் குரல் எழும்ப மாட்டாமல் தணிந்தே நிற்கும். ஒப்பாரி மாதிரிப் பெரிதாக அழுவதுமில்லை. தீபாவளி என்ற அதே சொல்லை அவர் சொல்லும்போது, பக்கத்து லயத்தில் வெடி கேட்க நம் காம்பராவில் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

நான் கவனித்த இன்னொன்று. மகிழ்ச்சியைப் பெண்ணுக்கும் துக்கத்தை ஆணுக்கும் பங்கு பிரித்திருக்கிறார்கள். விட்டுக்கொடுத்தவள் வசந்தி. ஆனாலும் அந்தத் தீபாவளி மெட்டு துக்கமாகத் திரும்பி வரும்போது அது அவள் வாயில் வரவில்லை. (நியாயமாகச் சொல்வதென்றால், அதே படத்தில் காதல் தோல்விப் பாட்டொன்று ஆண் குரலிலும் பெண் குரலிலும் தனித்தனியே உண்டு. ஆகவே வசந்தியை அழவே விடவில்லை என்று சொல்ல முடியாது.) 1961 இல் ஸ்ரீதர் இதையே ஹிந்தியில் 'நஸ்ரானா' என்று எடுத்தார். இசை ரவி. அங்கேயும் தீபாவளிச் சந்தோஷத்தை லதா மங்கேஷ்கர் பாட, தீபாவளித் துக்கத்தை முகேஷ் பாடினார். பங்கு பிரிப்பு மாறவில்லை.

அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்தில் ஒரு பாட்டுத்தான், மூன்று மூன்றரை நிமிடம். ஆகவே எதைப் போடுவது என்பதை யாரோ ஒருவர்தான் தீர்மானிக்க வேண்டும். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் அது அறிவிப்பாளர், அல்லது விருப்பம் கேட்டு எழுதிய நேயர். லயத்தில் வானொலி வைத்திருந்த வீட்டுக்காரர். இப்போது தொலைபேசி வைத்திருக்கும் தங்கச்சி. தீபாவளியன்று சுசீலாவைப் போடுவார்கள், மற்ற நாட்களில் ராஜா. ஆனால் ஒரு பெண் தனக்கு எது வேண்டுமென்று சொன்னால் பிரச்சினை வருகிறது.

மறுநாள் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். அண்ணி றப்பர் காட்டுக்குப் போயிருந்தார். ஏன் ராஜாவின் பாட்டைக் கேட்டீர்கள் என்று விசாரித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சந்தோசப் பாட்டு போட்டா எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறாங்க மிஸ். இவ சிரிக்கிறாளா, தல ஆட்டுறாளான்னு. சோகப் பாட்டு போட்டா யாரும் பாக்க மாட்டாங்க. அதான்."

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது 'சமூகக் கட்டுப்பாடு' பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சைக்கு எழுதியவள் நான். நல்ல புள்ளியும் கிடைத்தது. இப்படி ஓர் உதாரணத்தை எழுத எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.

அவருடைய நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு இருந்தது. அதற்கும் வீட்டில் சண்டையாம். இறந்துவிட்டார் என்று எழுதாமல், காணக்கிடைக்கவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் வந்தது. அக்கா அதைத்தான் எடுத்து வைத்திருக்கிறார். மரணச் சான்றிதழ் எடுக்கவில்லை. "தாளுல செத்துட்டாருன்னு இல்லல்ல, பொறகு நான் ஏன் பொட்ட அழிக்கணும்?" என்று கேட்டார். சுசீலாவின் பாட்டும் ராஜாவின் பாட்டும் கதை முடிவு தெரிந்தவர்களுக்கானவை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

அவருக்கு நான் ஜிக்கியின் கதையைச் சொன்னேன். ஏ.எம். ராஜாவின் மனைவிதான் பாடகி ஜிக்கி. அதே 'கல்யாண பரிசு'வில் துள்ளலான ஒரு பாட்டு அவருடையது. 1989 இல் ராஜா ரயில் விபத்தில் இறந்தார். இளையராஜாவின் இசையில் மனோவோடு ஜிக்கி பாடிய காதல் பாட்டு இடம்பெற்ற 'பாட்டுக்கு ஒரு தலைவன்' படம் வெளிவந்ததும் அதே 1989 தான். ஜிக்கி 2004 இல் காலமானார்.

"அந்த வருசத்துலயேவா?" என்று அக்கா திரும்பவும் கேட்டார். அதற்குள் அண்ணி வந்துவிட்டார். வாளியை இறக்கி வைத்தபடியே, "அவங்க பாட்டுக்காரவங்க மிஸ், நாங்க தோட்டத்துக்காரவங்க" என்றார். அவரிலும் எனக்குக் கோபமில்லை. புருஷனின் தங்கச்சியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு காம்பராவுக்குள் வைத்துச் சோறு போடுபவர் அவர். லயத்தில் நாலு பேர் ஏதும் சொன்னால் அதைக் கேட்க வேண்டியவரும் அவர்தான்.

பாட்டை எழுதிய கல்யாணசுந்தரம் 1959 ஒக்டோபர் 8 இல், 29 வயதில் இறந்துபோனார். படம் வந்து ஆறு மாதம். தன் பாட்டு வீட்டுக்கு வீடு ஒலித்த முதலாவது தீபாவளி வரை அவர் இருக்கவில்லை. இதைச் சொன்னபோது அண்ணிதான் "ஐயோ, கொழந்த வயசு" என்றார். அவருடைய மூத்த மகனுக்கும் அதே வயது.

நான் புறப்படும்போது அக்கா பாதை வரை கூடவே வந்தார். "நெசமாவே எனக்கு சுசீலா பாடுனதுதான் புடிக்கும் மிஸ்" என்றார். கணவர் சைக்கிளில் முன்னால் மகனை வைத்துக்கொண்டு அந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டு போவாராம். பொம்பிளைப் பாட்டை ஏன் பாடுகிறாய் என்று கூட்டாளிமார் கேலி பண்ணுவார்களாம். சுருதி ஒருநாளும் சேராதாம். "அவரு கொரல யாரும் புடிச்சு வைக்கல. அப்ப எங்கள்ட்ட ஃபோனு எங்க இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளை எதிர்கொள்ளப் போய்விட்டார்.

தீபாவளிக்கு மறுநாள் தங்கச்சி தொலைபேசியில் கூப்பிட்டாள். அக்கா இரண்டு பாட்டையும் தன்னிடம் கேட்டு ஏற்றிக்கொண்டு போனாராம், காதுக்குள் வைக்கும் வயரையும் இரவல் வாங்கிக்கொண்டு.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் வானொலியில் கேட்டதோ, கசெட்டில் தேய்ந்ததோ, யாரோ ஒருவர் வாயால் மட்டும் பாடியதோ இப்படியொரு பாட்டு இருக்கும். எவருடைய குரலில் அது உங்களுக்குள் நிற்கிறது என்பதை எமக்கு எழுதுங்கள். பெயர் போட வேண்டாமென்றால் போட மாட்டோம்.