நாம் காணாத வைத்தியர்



வைத்தியசாலைக்குப் போனால் நாம் யாரையெல்லாம் காண்கிறோம்? சிட்டை எழுதித் தருபவரைக் காண்கிறோம். மருந்து கட்டும் தாதியைக் காண்கிறோம். வார்ட்டைச் சுற்றிவரும் பெரிய டாக்டரைக் காண்கிறோம். ஆனால் நமக்கு வந்திருப்பது இன்ன நோய்தான் என்று பல வேளைகளில் முடிவாக எழுதுகின்ற ஒருவரை நாம் காண்பதேயில்லை. அவரும் நம் முகத்தைக் காண்பதில்லை. அவர்தான் நோயியல் வைத்தியர். பெரிய வைத்தியசாலைகளில் 'பெதோலஜிஸ்ட்' என்று சொல்வார்கள்.

மார்பில் ஒரு கட்டி, வாயில் ஆறாத ஒரு புண், கருப்பை வாசலில் ஒரு மாற்றம் என்று வந்தால், அதிலிருந்து சிறு சதைத்துண்டு ஒன்றை எடுத்துப் போத்தலில் இட்டு அனுப்புகிறார்கள். இதைத்தான் பயொப்சி என்கிறோம். அந்தப் போத்தல் எங்கே போகிறது? யார் அதைத் திறக்கிறார்கள்? இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

போரின் நடுவே வாழ்ந்த சகோதரிகளுக்கு இந்தத் துறையின் பெயரே மனதைப் பிசையும். பிரேத அறையின் வாசலில் காத்து நின்றவர்கள் உங்களில் பலர். அந்த வாசலில் நீங்கள் கண்டவர் பெரும்பாலும் சட்ட வைத்திய அதிகாரி. மரணம் எப்படி நேர்ந்தது என்று நீதிமன்றத்துக்குச் சொல்வது அவருடைய பொறுப்பு. 2025 இல் செம்மணியில் எலும்புகளைத் தோண்டியெடுத்தபோதும் சட்ட வைத்தியத் துறையினர் அங்கு நின்றார்கள். நான் இங்கே சொல்லும் நோயியல் வைத்தியரும் சில வேளைகளில் பிரேத பரிசோதனை செய்வதுண்டு. ஆனால் அவருடைய நாளின் பெரும்பகுதி உயிரோடு இருப்பவர்களுக்காகவே செலவாகிறது. இந்த வேறுபாட்டை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு ஒருவர் எப்படி வருகிறார்? உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்து, மருத்துவ பீடத்தில் 5 வருடம் படித்து, 1 வருடம் வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி பெற்ற பிறகே ஒருவர் முழுமையான டாக்டராகிறார். அதற்குப் பிறகு, 1980 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்த மருத்துவப் பட்டப்பின்படிப்பு நிறுவகத்தின் பரீட்சையில் தேறினால் நோயியல் பயிற்சிக்குள் நுழையலாம். பயிற்சி பல வருடங்கள் நீளும். முதல் வருடப் பயிற்சியாளரை 'ரெஜிஸ்ட்ரார்' என்று அழைப்பார்கள்.

நேற்றுவரை வார்ட்டில் நோயாளரின் கையைப் பிடித்து நாடி பார்த்தவர் அவர். இன்று அவர் முன்னே இருப்பது மூக்கையும் கண்ணையும் எரிக்கும் போமலின் வாடை, வரிசையாகப் போத்தல்கள், இலக்கங்கள். முதல் வேலை, போத்தலிலுள்ள பெயரும் இலக்கமும் கூட வந்த கடிதத்திலுள்ள பெயரும் இலக்கமும் ஒன்றுதானா என்று பார்ப்பது. பிறகு துண்டை அளக்கிறார். நிறம் என்ன, தொட்டால் எப்படியிருக்கிறது என்று எழுதுகிறார். அகற்றிய மார்பகம் போன்ற பெரிய உறுப்பாக இருந்தால் ஓரங்களில் மை பூசுகிறார். நோய் ஓரம்வரை வந்துவிட்டதா, அல்லது முழுவதும் வெட்டி எடுக்கப்பட்டுவிட்டதா என்பதைப் பின்னர் அந்த மைதான் காட்டும். எந்த இடத்தில் வெட்டிப் பார்ப்பது என்று தெரிவுசெய்வதும் அவர் பழகவேண்டிய வேலை. தவறான இடத்தில் வெட்டினால் நோய் கண்ணுக்குப் படாமலே போய்விடலாம்.

அதன்பின் துண்டிலுள்ள நீரை மதுசாரத்தால் அகற்றி, உருகிய மெழுகில் பதிக்கிறார்கள். மெழுகுக்கட்டியை ஆய்வுகூட ஊழியர்கள் மிக மெல்லியதாகச் சீவுகிறார்கள். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் மூன்று நான்கு பங்கு தடிப்புத்தான். நமது தலைமுடி அதைவிடப் பல மடங்கு தடிப்பானது. அந்தச் சீவலுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். ஒரு சாயம் மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் வயிரத்திலிருந்து வருவது. அது கலங்களின் கருவை நீலமாக்குகிறது. மற்றது சுற்றுப்புறத்தை இளஞ்சிவப்பாக்குகிறது. இவ்வளவும் முடிந்த பிறகே கண்ணாடித் தட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் போகிறது. காலையில் எடுத்த துண்டின் பதிலை மாலையில் தரமுடியாததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

நுணுக்குக்காட்டியில் கண் வைக்கும் புதியவருக்கு முதலில் நீலமும் சிவப்பும் மட்டுமே தெரியும். எது நோய், எது நலம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இது நம் மலையில் நடப்பதுதானே! புதிதாகக் கூடை கட்டிய பிள்ளைக்குத் தேயிலை மலை முழுவதும் ஒரே பச்சை. பழகிய கைக்கோ இரண்டு இலையும் மொட்டும் தனியாகத் தெரியும், முற்றிய இலை தனியாகத் தெரியும். நோயியல் கற்பவரும் அப்படித்தான். நோயைப் படிக்குமுன் நலமான சதை எப்படியிருக்கும் என்று ஆயிரம் தடவை பார்த்துப் பழகவேண்டும்.

அப்படியென்றால் நமது துண்டைப் பார்ப்பவர் ஒரு கற்றுக்குட்டியா என்று பயப்படவேண்டாம். முதல் வருடத்தவர் தன்பாட்டில் முடிவு எழுதி அனுப்புவதில்லை. அவர் பார்த்து எழுதியதை மூத்த விசேட வைத்தியர் மீண்டும் பார்க்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே தட்டைப் பார்க்கக்கூடிய நுணுக்குக்காட்டிகளும் உள்ளன. பொறுப்பான ஒப்பம் மூத்தவருடையது. அந்த வருடத்தில் ஒரு பயிற்சியாளர் கற்கும் மிகப் பெரிய பாடம், ஊகித்து எழுதக்கூடாது என்பதே. துண்டு மிகச் சிறிதாக இருந்தால், நசுங்கியிருந்தால், 'இது போதாது, மீண்டும் எடுத்து அனுப்புங்கள்' என்று எழுதவேண்டும். ஆகவே உங்களை இரண்டாம் முறை அழைத்தால், முதலில் செய்தது பிழை என்றோ, நோய் முற்றிவிட்டது என்றோ எண்ணிக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். உங்களைப் பற்றி ஊகித்து எழுத ஒருவர் மறுத்திருக்கிறார் என்பதுதான் அதன் பொருள்.

ஆனால் இவ்வளவு பேர் உழைத்து எழுதிய அறிக்கை, உரியவரின் கைக்கு வராவிட்டால் என்ன பயன்? மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். காலையில் மலைக்கு ஏறும்போது வாயில் போடும் வெற்றிலை, பொழுது சாயும்வரை அவர் கன்னத்தில் இருக்கும். அந்தக் கன்னத்தில் புண் வந்தது. துண்டு எடுத்தார்கள். மூன்று வாரத்தில் வரச் சொன்னார்கள். அவர் போகவில்லை. கேட்டபோது சொன்னார்:

"துண்டு வெட்டியாச்சி மிஸ். வெட்டுன எடமும் ஆறிப்போச்சி. இனி எதுக்கு ஒரு பேர விட்டுட்டு பதுளைக்குப் போகணும்?"

துண்டு எடுத்ததையே அவர் சிகிச்சை என்று நினைத்துவிட்டார். நான்காவது மாதம் போனபோது அறிக்கை எப்போதோ வந்து காத்திருந்தது. அது புற்றுநோய். சத்திரசிகிச்சை நடந்தது. அக்கா இன்று உயிரோடு இருக்கிறார். ஆனால் வாயை முழுதாகத் திறக்க முடியாது. சோற்றைப் பிசைந்து கரைத்துத்தான் உண்கிறார். முன்னரே போயிருந்தால் இவ்வளவு வெட்டவேண்டி வந்திருக்காது என்று அவரே இப்போது மற்றப் பெண்களுக்குச் சொல்கிறார்.

வெற்றிலையோடு புகையிலை சேர்த்தால்தான் ஆபத்து என்று நம்மில் பலர் நம்புகிறோம். புகையிலை இல்லாமல் பாக்குச் சேர்த்து மெல்வதும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் வெளியிட்ட நூலில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

அக்கா போகாததற்கு அறியாமை மட்டுமா காரணம்? ஒரு நாள் பெயர் போகும். பசறை வழியாகப் பதுளைக்குப் போய்வர பஸ் காசு வேண்டும். அங்கே போய் எந்த மொழியில் கேட்பது என்ற தயக்கம். சமூகவியல் படித்த காலத்தில் நான் அறிந்த ஒரு பெயர் இங்கே நினைவுக்கு வருகிறது. ருடொல்ப் வேர்ச்சோ. ஜேர்மனிய நோயியல் வைத்தியர். 1858 இல் அவர் வெளியிட்ட நூல்தான், நோய் என்பது உடலின் கலங்களில் நடக்கும் மாற்றம் என்று உலகத்தை ஏற்கவைத்தது. அதற்குப் பத்து வருடம் முன்பு, 1848 இல், 26 வயதில், அவரை அரசாங்கம் மேல் சிலேசியா என்ற ஏழைப் பிரதேசத்துக்கு அனுப்பியது. அங்கே கொள்ளைக் காய்ச்சல் பரவியிருந்தது. மக்கள் பேசியது போலந்து மொழி, ஆண்டவர்கள் பேசியது ஜேர்மன் மொழி. காய்ச்சலுக்கு மருந்து எழுதித் தருவார் என்று எதிர்பார்த்தார்கள். அவரோ பசியையும், நெருக்கமான ஈர வீடுகளையும், கல்வியில்லாமையையும் காரணமாக எழுதினார். மக்களாட்சியும் கல்வியும் அவர்களது தாய்மொழிக்கு இடமும் வேண்டும் என்று கேட்டார். லயக் காம்பராவில் வாழ்ந்தவர்களுக்கும் முகாம் கூடாரத்தில் வாழ்ந்தவர்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

நம் மொழி தெரிந்தவர்கள் அந்த மேசைகளில் அமரவேண்டும் என்பதும் இதனால்தான். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. பதுளையும் வடக்கு கிழக்கு மாவட்டங்களும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. விஞ்ஞானம் படிக்க விரும்பும் மகளை, 'டவுன் பாடசாலைக்கு யார் கூட்டிப் போவது' என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள்.

இனி, நாம் உடனே செய்யக்கூடியவை.

துண்டு எடுக்கும்போது அடையாள அட்டையிலுள்ள பெயரையே சொல்லுங்கள். வீட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்று இருப்பது நம்மிடையே வழக்கம். இடம்பெயர்வில் அட்டை தொலைந்து, புதியதில் எழுத்து மாறியவர்களும் உண்டு. அப்படியானால் அதைத் தாதியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரே வார்ட்டில் இரண்டு லெட்சுமிகள் இருக்கலாம்.

'அறிக்கைக்கு எந்தத் திகதியில் வரவேண்டும், எங்கே கேட்கவேண்டும்?' என்று கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். அழைப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம். தொலைபேசி இலக்கம் மாறினால் அறிவியுங்கள்.

'கத்தி பட்டால் பரவும்' என்று பயந்து துண்டு எடுக்க மறுக்காதீர்கள். பரவ விடுவது தாமதம்தான். இரண்டு மூன்று வாரமாக ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் தழும்பு, மார்பில் புதிய கட்டி ஆகியவற்றை உடனே காட்டுங்கள். 1996 முதல் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் 35, 45 வயதுப் பெண்களுக்குக் கருப்பை வாசல் பரிசோதனை இலவசம். குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் நாள் கேளுங்கள்.

அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்கும். 'இதில் என்ன எழுதியிருக்கிறது?' என்று வைத்தியரிடம் கேட்பது உங்கள் உரிமை. அதன் பிரதியொன்றைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். இடம் மாறினாலும் சிகிச்சை தொடர அது உதவும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ துண்டு கொடுத்துவிட்டுப் பதில் கேட்கப் போகாத ஒருவர் இருந்தால், இந்த வாரமே அவரோடு துணைக்குப் போங்கள். இருவராகப் போனால் பயணமும் பயமும் பாதியாகும்.