மரணத்திற்கு உதவும் சட்டம்: ‘ஹராம்’ என்று சொல்வதோடு முடிந்துவிடுமா நம் கடமை?

2025 ஜூன் 20 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவை, தீரா நோயால் மரணத்தை நெருங்கியவர்கள் மருத்துவ உதவியுடன் தம் உயிரை முடித்துக் கொள்ள அனுமதிக்கும் மசோதாவை நிறைவேற்றியது. ஆதரவு 314, எதிர்ப்பு 291. வித்தியாசம் வெறும் 23 வாக்குகள். ஏழு மாதங்களுக்கு முன் நடந்த முதல் முக்கிய வாக்கெடுப்பில் இந்த வித்தியாசம் 55 ஆக இருந்தது. கட்சிக் கட்டளை எதுவுமின்றி ஒவ்வோர் உறுப்பினரும் தம் மனசாட்சிப்படி வாக்களித்தனர். அதன்பின் மசோதா மேலவையான பிரபுக்கள் சபைக்குச் சென்றது.

தொழிற்கட்சி உறுப்பினர் கிம் லெட்பீட்டர் கொண்டு வந்த இந்த மசோதா இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். ஆறு மாதங்களுக்குள் மரணம் நேரும் என்று மருத்துவர்கள் கணித்திருக்க வேண்டும். சுயமாக முடிவெடுக்கும் மனநிலை இருக்க வேண்டும். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பரிசோதித்த பின், சட்ட வல்லுநர், மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் ஆகிய மூவர் குழு ஒப்புதல் தர வேண்டும். இறுதியில் மருந்தை நோயாளியே உட்கொள்ள வேண்டும்.

ஆதரிப்பவர்களை இரக்கமற்றவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் தாயோ கணவரோ துடித்ததை நேரில் பார்த்தவர்கள் அவர்களில் பலர். அந்தத் துன்பத்திற்கு என்ன பதில் என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அவர்கள் கண்டுபிடித்த விடையில்தான் நாம் வேறுபடுகிறோம்.

எதிர்த்து வாக்களித்தவர்களில் அன்றைய நீதித்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூதும் ஒருவர். முஸ்லிமான அவர் உயிரின் புனிதம் பற்றிய தமது நம்பிக்கையை மறைக்கவில்லை. இறப்பதற்கான உரிமை என்பது சிலருக்கு நாளடைவில் இறந்தே ஆக வேண்டிய கடமையாக மாறிவிடும் என்றும் எச்சரித்தார். அன்றைய சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங்கும் எதிர்த்தார். அவருடைய காரணம் மதம் சார்ந்ததல்ல. நல்ல வலி நிவாரணப் பராமரிப்பே கிடைக்காத நோயாளி, மரணத்தைத் தேர்ந்தெடுத்தால் அது உண்மையான தேர்வாகுமா என்பதே அவருடைய கவலை. பிரிட்டனில் மரணத் தறுவாயில் இருப்போரைப் பராமரிக்கும் இல்லங்கள் பெருமளவு பொதுமக்களின் நன்கொடையில்தான் ஓடுகின்றன.

இந்தக் கவலை வெறும் கற்பனையா? இத்தகைய சட்டம் 1997 முதல் நடைமுறையில் உள்ள அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைப் பார்ப்போம். அங்கு ஆண்டுதோறும் வெளியாகும் அரசு அறிக்கையில், இந்த முடிவுக்கான காரணங்களில் முதலிடம் பெறுவது வலி அல்ல. தம் வாழ்க்கை தம் கையை விட்டுப் போகிறதே என்ற உணர்வுதான். அண்மை ஆண்டுகளில் ஐந்தில் இருவருக்கும் மேற்பட்டோர், குடும்பத்திற்குப் பாரமாகிவிடுவோம் என்ற கவலையையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டிருக்கின்றனர். ‘நான் பாரம்’ என்ற எண்ணத்தைப் போக்க எந்த மருந்தும் இல்லை. அதைப் போக்க வேண்டியவர்கள் உறவினர்களும் அண்டை வீட்டாரும்தான்.

கனடாவில் 2016இல் மரணம் நெருங்கியவர்களுக்காக மட்டும் என்று தொடங்கிய சட்டம், 2021இல் மரணம் நெருங்காத நோயாளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 2023இல் அங்கு 15,343 பேர் இவ்வழியில் இறந்தனர். அந்நாட்டில் அவ்வாண்டு நிகழ்ந்த மரணங்களில் ஏறத்தாழ இருபதில் ஒன்று இது.

இஸ்லாத்தின் நிலைப்பாடு தெளிவானது. உயிர் அல்லாஹ் தந்த அமானிதம். தன்னைத்தானே மாய்த்துக் கொள்வதை அல்குர்ஆன் (4:29) தடுக்கிறது. காயத்தின் வேதனை தாளாமல் தன் கையை அறுத்துக் கொண்டு இறந்த முற்காலத்து மனிதருக்குச் சொர்க்கம் தடுக்கப்பட்டதை நபி (ஸல்) அவர்கள் எச்சரிக்கையாக எடுத்துரைத்தார்கள். துன்பத்தின் காரணமாக மரணத்தை விரும்பக்கூட வேண்டாம் என்றும் கற்றுத் தந்தார்கள்.

ஆனால் இந்தத் தெளிவோடு நம்மிடையே ஒரு குழப்பமும் கலந்திருக்கிறது. உயிரைப் போக்க மருந்து கொடுப்பது வேறு. பயனில்லை என்று உறுதியான சிகிச்சையை நிறுத்திவிட்டு, இயல்பான மரணத்திற்கு இடம் விடுவது வேறு. மூளை முற்றிலும் செயலிழந்து, அது மீளாது என்று நிபுணர்கள் உறுதிப்படுத்திய நிலையில் உயிர்காக்கும் கருவிகளை அகற்றலாம் என்று சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1986இல் அம்மானில் தீர்மானித்தது. இந்தியாவிலும் கருணைக்கொலை குற்றமே. பயனற்ற சிகிச்சையை நிறுத்துவதை மட்டும் 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அதற்கான நடைமுறையை 2023இல் எளிமையாக்கியது. இந்த வேறுபாடு தெரியாததால், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ‘நிறுத்தச் சொன்னால் பாவமாகிவிடுமோ’ என்று தவிக்கும் குடும்பங்கள் எத்தனை! நகையை அடகு வைத்து, கடன் வாங்கி, இறுதியில் கலிமா சொல்லிக் கொடுக்கக்கூட அருகில் இருக்க முடியாமல் போகிறது.

வலி நிவாரணத்திலும் இதே தயக்கம். மார்ஃபின் என்றாலே போதைப்பொருள் என்று அஞ்சுகிறோம். கடும் வலிக்கு மருத்துவர் அளவறிந்து தரும் மார்ஃபின் சிகிச்சையே. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் அது நோயாளிகளுக்கு எட்டாமலே இருந்தது. 2014இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது.

நமக்கு அருகிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் உள்ளிட்டோர் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் ஊர் மக்களின் இயக்கமாக வளர்ந்தது. பத்தில் ஏழு பேர் முஸ்லிம்களாக உள்ள மாவட்டம் அது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் செவிலியருடன் வீடு வீடாகச் செல்கிறார்கள், புண்ணைத் துடைத்துக் கட்டுகிறார்கள், மருந்து தருகிறார்கள், பேச்சுத் துணையாக அமர்கிறார்கள். சிறு சிறு நன்கொடைகளே அதன் பலம். 2008இல் இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலம் கேரளம்.

நமது மஹல்லாக்களைப் பார்ப்போம். ஒருவர் மவுத்தாகிவிட்டால் குளிப்பாட்ட, கஃபனிட, கப்ரு தோண்ட, தோள் கொடுக்க ஆட்கள் ஓடி வருகிறார்கள். மாஷா அல்லாஹ், அது நம் சமுதாயத்தின் பெருமை. ஆனால் அதே மனிதர் படுக்கையில் கிடந்த ஆறு மாதங்களில் அவர் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள் எத்தனை பேர்? இரவெல்லாம் கண்விழித்த அவர் மனைவிக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தவர் யார்?

பிரிட்டன் விவாதிப்பது அந்த ஆறு மாதங்களைப் பற்றித்தான். அந்தக் காலத்தைத் தனிமையிலும் வலியிலும் கழிக்க விட்டுவிட்டு, மரணத்தைக் கேட்பது ஹராம் என்று மட்டும் சொல்வது பாதிக் கடமைதான். ஒவ்வொரு ஜமாஅத்தும் பைத்துல்மாலில் ஒரு பகுதியை ஒதுக்கி, பத்து இளைஞர்களுக்கும் பத்துப் பெண்களுக்கும் பராமரிப்புப் பயிற்சி அளித்தாலே பணி தொடங்கிவிடும். நோயாளியை நலம் விசாரிப்பதை ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய உரிமையாகவே நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அந்த உரிமையை அவர் உயிரோடு இருக்கும்போதே நிறைவேற்ற அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!