தொழில் வழிகாட்டி: கடை திறக்குமுன் கேட்க வேண்டியவை

இன்டர்லாக்கன் ஹோட்டல்களின் சமையலறைகளில் பல்லாண்டு உழைத்த தமிழருக்கு, "சொந்தமாக ஒரு கடை போட்டால் என்ன?" என்ற எண்ணம் ஒருநாள் வந்தே தீரும். யுங்ஃபிறவ் மலைக்குப் போகும் பயணிகள் ஆண்டு முழுவதும் ஊரை நிறைக்கிறார்கள். இந்தியாவிலிருந்து வருவோரும் அவர்களிடையே ஏராளம். சோறும் கறியும் விலைப்படும் என்ற நம்பிக்கை வீணானதன்று.

அந்த நம்பிக்கையோடு இன்னொரு பேச்சும் சேர்ந்து வருகிறது. "கடை போட்டால் அரசாங்கம் காசு தரும், இரண்டு பேருக்கு வேலை கொடுத்தால் இன்னும் கூடத் தரும்" என்பதே அது. ஜேர்மனியில் வேலையற்றிருப்பவர் தொழில் தொடங்கினால், அலுவலகம் இணங்குமிடத்து, வேலையில்லாப் பணத்துடன் மாதம் 300 யூரோ உதவியும் ஆறு மாதங்களுக்குப் பெறலாம். அங்குள்ள உறவினர் தொலைபேசியில் சொன்னது, இங்கு வந்து சேரும்போது சுவிஸ் சட்டம் போலாகிவிடுகிறது.

சுவிஸ் நடைமுறை வேறு. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலைப்பிரதேசங்களுக்கு முதலீட்டு உதவி வழங்கப்பட்டு வந்தது. 2008 முதல் அதன் இடத்தில் புதிய பிராந்தியக் கொள்கை நடைமுறையில் உள்ளது. சுற்றுலாவையும் கைத்தொழிலையும் வளர்த்து, வெளியிலிருந்து பிரதேசத்துக்கு வருமானம் வரச் செய்வதே அதன் நோக்கம். பல நிறுவனங்கள் கூடிச் செய்யும் திட்டத்துக்கு உதவித்தொகையும், பிரதேச வளர்ச்சிக்கான உட்கட்டமைப்புக்குக் கடனும் கிடைக்கலாம். உள்ளூர்த் தேவைக்கான மளிகைக் கடையோ தனியொருவரின் உணவகமோ பொதுவாக அதில் அடங்காது. அத்தகைய பொதுத் திட்டம் உள்ளவர்கள் இன்டர்லாக்கனிலேயே இயங்கும் ஓபர்லாண்ட் கிழக்குப் பிராந்திய மாநாட்டின் அலுவலகத்தில் முதலில் விசாரிக்கலாம். விடுதித் தொழிலுக்குக் கடன் கொடுக்கவென 1967இல் அமைக்கப்பட்ட சுவிஸ் ஹோட்டல் கடன் சங்கமும் உண்டு. ஆனால் அது தங்குமிடம் நடத்துவோருக்கானது.

அப்படியானால் சிறுகடைக்காரருக்கு வழியே இல்லையா? உண்டு, மூன்று வழிகளாவது உண்டு.

முதலாவது, வேலையில்லாக் காப்புறுதி. தன் குற்றமின்றி வேலையிழந்து, 20 வயது நிறைந்தவராய், நடக்கக்கூடிய தொழிலுக்கு ஒரு முன்வரைவு வைத்திருப்பவர், திட்டமிடும் காலத்துக்கென 90 நாட்படிகள் வரை பெறலாம். அக்காலத்தில் அவர் வேறு வேலை தேட வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆள் சேர்ப்பவருக்கு உரியது. எளிதில் வேலை கிடைக்காத நிலையிலுள்ள ஒருவரைச் சேர்த்துத் தொழில் பழக்கினால், பழகும் காலச் சம்பளத்தில் ஒரு பங்கைக் காப்புறுதி ஏற்கக்கூடும். இவ்விரண்டுக்கும் 'ராவ்' எனப்படும் பிராந்திய வேலைவாய்ப்பு நிலையத்தையே நாட வேண்டும்.

மூன்றாவது, கடன்பிணை. வங்கி கேட்கும் பிணையை, அரசு ஏற்ற பிணைக் கூட்டுறவுச் சங்கங்கள் 10 இலட்சம் பிராங் வரை கொடுக்கின்றன. நட்டம் வந்தால் அதில் 65 வீதத்தை மத்திய அரசு சங்கத்துக்கு ஈடுசெய்யும். கடன் பெற்றவரின் பொறுப்பு அதனால் தீர்ந்துவிடாது. இது மானியமன்று, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்.

பலரும் வழுக்கி விழுவது இவ்வழிகளைத் தேடும் வரிசையில்தான். ஒரு குடும்பத்தலைவரை எண்ணிப் பார்க்கலாம். நல்ல இடம் கைநழுவக் கூடாதென்று வாடகை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகிறார். வேலையைத் தாமே விடுகிறார். அடுப்பும் குளிர்பெட்டியும் வாங்குகிறார். கடையைத் திறந்த பின் உதவி கேட்டுப் போகிறார். தாமாக வேலையை விட்டதால் முதல் நிபந்தனையே தவறிவிட்டது. தொழில் தொடங்கிவிட்டதால் திட்டமிடும் காலமும் முடிந்துவிட்டது. அதே மனிதர் வேலையிழந்த நிலையில், கையொப்பமிடுமுன் அதே அலுவலகத்துக்குப் போயிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கக்கூடும். பிராந்திய உதவியாயினும், ஆள் சேர்க்கும் உதவியாயினும், விண்ணப்பம் முன்னே, வேலை பின்னே என்பதே விதி.

உதவி கிடைக்காதபோது கை போவது ஓய்வூதிய நிதிக்கு, அதாவது 'பென்சன் காசு'க்கு. தனியாள் நிறுவனமாகச் சுயதொழிலை முழுநேரமாகத் தொடங்குபவர், தொடங்கி ஓராண்டுக்குள் அதை எடுக்கலாம். மணமானவராயின் துணைவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். இதை அரசாங்கம் தந்த காசு என்று சொல்வோரும் உண்டு. அது அவரவர் வியர்வை. முதுமைக்கு வைத்த சோறு. கடை நட்டப்பட்டால் அச்சேமிப்பு திரும்பி வராது. வரவைக் கருதி முதலை இழக்காதே என்று பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும். கையொப்பம் கேட்கும் கணவரிடம் கணக்கைக் காட்டும்படி மனைவி கேட்பது அவநம்பிக்கையாகாது. அது அவருடைய முதுமையும் அல்லவா?

வதிவிட அனுமதியும் முக்கியம். சி அனுமதி உள்ளவர் சுயதொழில் செய்யத் தடையில்லை. ஏற்கப்பட்ட அகதிகளும் எஃப் அனுமதி உள்ளவர்களும் 2019 முதல் முன்கூட்டி அறிவித்துத் தொழில் செய்யலாம். ஏனைய பி அனுமதி உள்ளவர்கள், தம் அனுமதி சுயதொழிலுக்கு இடம் தருகிறதா என்று முதலில் குடிவரவு அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். உணவகத்துக்கான அனுமதி பற்றி இன்டர்லாக்கன்-ஓபர்ஹாஸ்லி மாவட்ட ஆளுநர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

எனவே கடை பார்க்கப் புறப்படுபவர், ஒப்பந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கிழமை மேசையில் வைத்திருக்கட்டும். அந்த ஒரு கிழமையில் அலுவலகங்களில் கேட்க வேண்டியவற்றைக் கேட்டுவிடலாம். ஜேர்மன் மொழி தடையாயின், இங்கு படித்து வளர்ந்த பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்லலாம். கேட்பதற்குக் கட்டணமில்லை, கேளாமல் இட்ட கையொப்பத்துக்கே விலை அதிகம்.