தோட்டாவை வீட்டிலேயே நிரப்பலாமா?

கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊருக்கு மேற்கே அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை. காய் பிடிக்கும் நேரத்தில் சவுக்குத் தோப்பிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கி, இரண்டே ராத்திரியில் கால் ஏக்கரைக் கிளறிப் போட்டுவிட்டன. வீட்டுப் பரணில் மாமனாரின் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது. அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. கடையில் தோட்டா கேட்டால், உரிமம் யார் பெயரில் என்கிறார்கள். அதனால் பழைய காலித் தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம் என்கிறார் கொழுந்தனார். செல்போனில் வீடியோ பார்த்துவிட்டார். கோயில் திருவிழா வெடியில் மீந்த மருந்தும் ஒரு டப்பாவில் வீட்டுக்கு வந்துவிட்டது. ‘இது சரியா? இரண்டு பிள்ளைகள் புழங்குகிற வீடு’ என்று கேட்கிறார் வாசகி.

பதில்: கூடாது. ஒரு தோட்டாகூட நிரப்பக் கூடாது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் உயிர். வெடி மருந்து எல்லாம் ஒன்றல்ல. திருவிழா வெடியில் இருக்கும் மருந்து ஒரே நொடியில் மொத்தமாக வெடிப்பதற்காகச் செய்யப்பட்டது. தோட்டாவுக்கான மருந்து, ரவையை முன்னே தள்ளும் அளவுக்கு, கணக்கான வேகத்தில் எரிவதற்காகச் செய்யப்பட்டது. துப்பாக்கிக் குழல் ஓர் அளவு அழுத்தத்தைத்தான் தாங்கும். அதை மீறினால் குழல் பிளக்கும். அப்போது ஒரு கை குழலைப் பிடித்திருக்கும். முகம் அதன் பின்பகுதியை ஒட்டி இருக்கும். பல ஆண்டு பரணில் கிடந்து துருவேறிய குழலுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். தோட்டாவின் அடியில் இருக்கும் கேப்பு ஒரு தட்டலிலேயே தீப்பிடிக்கும். மருந்தை இடிப்பதும் உரசுவதும் துப்பாக்கியைத் தொடும் முன்பே விபத்தில் முடியலாம்.

வீடியோவில் காட்டுவது பெரும்பாலும் அமெரிக்கா போன்ற நாடுகளின் பழக்கம். அங்கே அதற்கென்று தனி மருந்தும், மருந்து வகைக்கு வகை எடை போட்ட கையேடும், துல்லியத் தராசும் கடையில் கிடைக்கின்றன. அப்படியிருந்தும் அளவு தவறிக் குழல் வெடிப்பது அங்கேயும் உண்டு.

இரண்டாவது சட்டம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி, தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். தோட்டாவின் பாகங்களையும், அதைத் தயாரிக்கும் கருவியையும்கூட அந்தச் சட்டம் ‘தோட்டா’ என்றே கணக்கில் எடுக்கிறது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, உரிமமில்லாத தயாரிப்புக்குத் தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் வரையும் போகலாம். கால் ஏக்கர் மல்லாட்டைக்காகக் குடும்பத் தலைவர் அந்த வழக்கைச் சுமக்க வேண்டுமா என்று யோசிக்க வேண்டும்.

மூன்றாவது, வாசகி கேட்காமல் விட்டது. மாமனார் பெயரில் இருந்த உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. அது மகன் பெயருக்குத் தானாக மாறாது. அதாவது பரணில் இருக்கும் துப்பாக்கி இப்போதே உரிமமில்லாத துப்பாக்கி. அதை வைத்திருப்பதற்கே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை உண்டு. அதே சட்டத்தின் 21-வது பிரிவு இதற்கு வழி சொல்கிறது: அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும்.

கையில் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்ய வேண்டும். இறப்புச் சான்றிதழ், பழைய உரிமப் புத்தகம் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். மிச்சமுள்ள தோட்டாக்களையும் சேர்த்து ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். டப்பாவில் உள்ள மருந்தை எரிக்கவோ, கொட்டவோ, இடிக்கவோ வேண்டாம். அடுப்பங்கரைக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாமல் தள்ளி வைத்து, அதையும் காவல் நிலையத்தில் சொல்லிவிட வேண்டும். வாரிசு என்ற முறையில் உரிமம் வேண்டுமானால், மாவட்ட ஆட்சியரிடம் புதிதாக விண்ணப்பிக்கலாம். பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி உரிமம் கேட்க அதே சட்டத்தில் இடம் உண்டு.

உரிமம் கிடைத்தாலும் பன்றியைச் சுட்டுவிட முடியாது. காட்டுப்பன்றி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்து அப்புறப்படுத்தலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுட முடியாது. எனவே சேதத்தைப் புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் எழுத்தில் மனு கொடுப்பதே பலன் தரும். பயிர்ச்சேத இழப்பீடு கேட்கவும் அந்த மனு வேண்டும்.

மரக்காணம் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் அனுமதியின்றி ஆயுதத்தோடு நுழைவதே குற்றம்.

அவுட்டுக்காயும் வேண்டாம். 2020 மே மாதம் பாலக்காட்டில் வெடி வைத்த காயைக் கடித்து, வாய் சிதைந்து செத்தது ஒரு சினை யானை. கொல்லையில் வைத்த வெடியை நாளை ஆடு கடிக்கலாம், பிள்ளை எடுக்கலாம்.

அப்படியானால் மல்லாட்டையை எப்படிக் காப்பது? பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை. விதைத்த உடனும், காய் பிடிக்கும்போதும் தொல்லை அதிகம். அந்த நாட்களில் இவற்றைச் செய்யலாம்:

• கொல்லையைச் சுற்றி நெருக்கமாக நான்கு வரிசை ஆமணக்கு அல்லது முள்ளுள்ள குசும்பாவை வேலிப்பயிராக விதைக்கலாம். பயிரோடு சேர்த்து விதைத்தால்தான் காய் பிடிக்கும் நேரத்தில் அது வளர்ந்து நிற்கும்.

• பயிரிலிருந்து ஓரடி தள்ளி, 3 அடி அகலம், 2 அடி ஆழத்தில் அகழி வெட்டலாம். மணல் நிலத்தில் கரை சரியும். மழைக்குப் பிறகு சரிபார்க்க வேண்டும்.

• வாசனை விரட்டிகளைக் கயிற்றில் நனைத்துச் சுற்றிக் கட்டலாம். மழை பெய்தால் மறுபடியும் கட்ட வேண்டும். ஒரே விரட்டியைத் தொடர்ந்து வைத்தால் பன்றி பழகிவிடும்.

• சூரிய மின்வேலிக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் கேட்கலாம். 2023-ம் ஆண்டு விதிகளின்படி மின்வேலியைப் பதிவு செய்ய வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது கொலைக்குச் சமம்.

தனி ஒருவர் தடுத்தால் பன்றி பக்கத்துக் கொல்லைக்குப் போகும். நாலைந்து கொல்லைக்காரர்கள் சேர்ந்து, முறை வைத்துக் காவல் இருந்தால் செலவும் குறையும், தூக்கமும் கிடைக்கும். வேலிப்பயிர், விரட்டி பற்றிய விவரங்களைத் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

கொழுந்தனாரின் கோபம் நியாயமானது. மூன்று மாத உழைப்பு இரண்டு ராத்திரியில் போனால் யாருக்கும் ரத்தம் கொதிக்கும். கால் ஏக்கரை அடுத்த பட்டத்தில் மறுபடியும் விதைத்துக்கொள்ளலாம். போன விரல் முளைக்காது. வாசகி இந்தப் பக்கத்தை அவரிடம் படித்துக் காட்டிவிட்டு, நாளைக் காலையில் முதல் வேலையாகக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லட்டும்.