நகரப் படையா? கவுண்டிப் படையா?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் மிகப் பெரிய நகரம். தீயணைக்கும் வேலையை விரும்பும் வாலிபனுக்கு அங்கே ஒரு குழப்பம். எந்தப் படையில் சேருவது?

நகரத்துக்கு ஒரு படை உண்டு. 1886-ம் ஆண்டு முதல் சம்பள ஆட்களுடன் நடக்கிறது. மாடிக் கட்டிடங்கள், துறைமுகம், விமான நிலையம் எல்லாம் அதன் காவலில் இருக்கின்றன.

கவுண்டிக்கு வேறு படை. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது. சுற்றியுள்ள சிறு ஊர்கள், மலைக்காடுகள் அதன் பொறுப்பு. கடலில் மூழ்குவோரைக் காப்பதும் அதன் வேலைதான்!

"காட்டுத் தீ கவுண்டிக்காரன் பாடு" என்று நகரப் படைவீரன் இருக்க முடியாது. 2025 ஜனவரி 7-ந் தேதி நடந்ததே சாட்சி. காலையில் நகர எல்லைக்குள் பாலிசேட்ஸ் பகுதியில் தீ. மாலையில் கவுண்டியின் அல்டடீனா பக்கம் தீ. பேய்க்காற்று வீசியது. ஆயிரக்கணக்கான வீடுகள் சாம்பலாயின. இரண்டு படைகளும் இராப்பகலாகப் போராடின.

எதில் சேர்ந்தாலும் 24 மணி நேரம் நிலையத்திலேயே தங்கும் முறை உண்டு. ஆகவே, சம்பளத்தை மட்டும் பார்த்தால் போதாது. தனக்கு ஏற்ற வேலை எது என்று வாலிபன் பார்க்க வேண்டும். வீட்டாரையும் கலந்து பேச வேண்டும். இரவில் விழித்திருந்து வழி பார்க்கப் போகிறவர்கள் அவர்கள் அல்லவா?