மிருதுவான மாமிசமும் நமது மலைமாடும்

போடி வட்டாரத்துச் சங்கமொன்றின் பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, "நம் மலைமாட்டுப் பசுக்களுக்குச் சீமைக் காளையின் சினை ஊசி போட்டால் கன்றுகளின் மாமிசம் மிருதுவாகும், கேரள வியாபாரிகள் கூடுதல் விலை தரமாட்டார்களா?" என்று வினவினார். சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை.

கேள்வியில் பொருள் உண்டு. அறுத்தபின் தசைநாரைத் தளர்த்தும் நொதிகளைத் தடுக்கும் கால்பாஸ்டாட்டின் என்னும் புரதத்தின் செயல், திமிலுள்ள மாடுகளிடம் மிகுதி. மாமிசம் சற்று முரடாவது இதனாலேயே. டெக்ஸாஸ் மாகாணத்துக் கிங் பண்ணையில், சீமை ஷார்ட்ஹார்ன் 8-இல் 5 பங்கும், நம் நாட்டுக் குருதியுள்ள பிராமன் 3 பங்குமாகக் கலந்து உருவாக்கிய சாண்டா கெர்ட்ரூடிஸ், 1940-இல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றது.

ஆனால் அத்தகைய நாடுகளில் இறைச்சியை ஒரு வாரம், இரு வாரம் குளிரறையில் வைத்துப் பதப்படுத்தி விற்கிறார்கள். இங்கோ காலையில் அறுத்தது மதியம் அடுப்பேறுகிறது. நொதிகளுக்கு அவகாசம் ஏது? நெடுநேரம் வேகவைத்து உண்பவர் அறியாத மென்மைக்கு வியாபாரி ஏன் காசு தரப்போகிறார்? மேலும், முதிர்ந்த மாட்டின் மாமிசம் எவ்வினமாயினும் கடினமே. நம் மாநிலத்தின் 1958-ஆம் ஆண்டுச் சட்டமோ, 10 வயது கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாதவற்றையும், நிரந்தரமாக முடங்கியவற்றையுமே அறுக்க அனுமதிக்கிறது.

இழப்பதையும் எண்ண வேண்டும். முந்தலுக்கு மேலுள்ள சரிவில் ஏறி மேய்ந்து, இரவில் வயலில் கிடை கிடந்து எருவிடுவது மலைமாடு. சீமைக் கலப்பு அந்தச் சரிவில் ஏறுமா? தீவனத்தைத்தான் யார் வாங்கிப் போடுவது?

அங்கத்தினரின் அவசரத்துக்குக் காரணம் வேறு. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் மேய்ச்சல் கூடாதென்று 2022-இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மேய்ச்சல் சுருங்கியவர் விற்றாவது பிழைக்க நினைக்கிறார். அதைக் குறைகூற நமக்கு மனமில்லை.

அவருக்கு நஷ்டம் நேருமிடம் சந்தை. துண்டுக்குள் விரல் பிடித்து, கண்மதிப்பில் விலை முடிகிறது. மாட்டின் எடை வாங்குபவருக்குத் தெரியும், விற்பவருக்குத் தெரியாது. நடத்திக் களைத்த மாட்டை நீர்கூடக் காட்டாமல் லாரியில் ஏற்றுவதும் நடக்கிறது. அவ்வாறு அலைக்கழிந்த மாட்டின் மாமிசம் கறுத்து, விரைவில் கெடுகிறது. சங்கத்தின் பேரில் ஒரு மாட்டு எடைமேடை, நிழற்கொட்டகை, தண்ணீர்த் தொட்டி ஆகிய மூன்றுக்கும் தீர்மானமொன்றை அடுத்த கூட்டத்திலேயே கொண்டுவருமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். சினை ஊசி பற்றிப் பிறகு பேசலாம்.